அம்பு அக்கா வீட்டு டப்பா

என் மனைவிக்கு வேலை செய்யும் இடத்தில் பெயர் அம்பு அக்கா. தைத்து முடித்த சட்டைகளைப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்லும் செக்கிங் மேசையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறாள். தலைக்கு மேல் ரெண்டு டியூப் லைட், கழுத்தில் இன்ச் டேப், கையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி. காலர், தோள், கை, பட்டன் பட்டி, பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று ஒரே சுற்றில் சட்டை அவள் கைக்குள் புரண்டு வரும். குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். அம்பு ஒட்டிய சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். அந்தப் பெயரை அங்கே சிலர் பயந்துகொண்டு கூப்பிடுவார்கள், பலர் பிரியமாகக் கூப்பிடுவார்கள்.

சில நாள் முழங்கையிலோ தலைமுடியிலோ ஒரு அம்பு ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடும். "உன்கிட்டயும் குறை இருக்குதாம், பாரு," என்று பிய்த்துக் கொடுப்பேன். "இருக்கு. உங்களைக் கட்டிக்கிட்டேன்ல," என்பாள். அப்படிப் பேசிச் சிரித்த காலமும் எங்கள் வீட்டில் இருந்தது.

நான் எடைமேடை ஆபரேட்டர். லாரி மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எடை பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். சரக்கோடு ஒரு எடை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி வண்டிக்கு ஒரு எடை. ரெண்டு லாரிக்கு நடுவில் அரை மணி நேரம்கூடச் சும்மா கிடக்கும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்தி எடையைக் குறைக்கப் பார்க்கிற டிரைவரை நான் பேசுகிற பேச்சு நாலு தெரு கேட்கும். எனக்குப் பொய் சொன்னால் ஆகாது. என்னைப் பற்றி நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்களுக்கு ஒரே பையன். வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் டிவிக்கு ஒரு டப்பா வாங்கி வந்தான். சோப்பு டப்பா அளவில் கறுப்பாக இருக்கும். இணையத்திலிருந்து படம், தொடர், பாட்டு எல்லாவற்றையும் இழுத்து டிவியில் காட்டும். போட்டவுடன், "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்கும். கீழே மூன்று முகங்கள். அவன் அம்மாவுக்கு ஒரு குருவிப் படம் வைத்தான். எனக்குச் சிங்கம் வைத்துவிட்டு, "பொருத்தம்தானேப்பா?" என்று சிரித்தான். தனக்கு விண்வெளிக்குப் போகிறவனின் படம். ஒவ்வொரு முகத்துக்குள்ளும் போனால் அந்த ஆள் என்னென்ன பார்த்தார், எதைப் பாதியில் விட்டார் என்று வரிசையாக இருக்கும். கணக்கு அவன் போன் நம்பரில். என் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தான், கூண்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு.

ரெண்டு வருஷம் கழித்து அவன் வேலை போய்விட்டது. எங்களிடம் சொல்லவில்லை. நாலு மாதம் தினமும் காலையில் குளித்து, அயர்ன் பண்ணிய சட்டை போட்டு, அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற மாதிரியே போய் வந்தான். பார்க்கிலும் பஸ் ஸ்டாண்டிலும் உட்கார்ந்திருந்தானாம். ஒரு லாரி டிரைவர் வந்து, "உங்க பையன் தினம் பஸ் ஸ்டாண்டுல உட்காந்திருக்கானே, என்ன விஷயம்?" என்று கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவனை எடைமேடைக்கே வரவழைத்தேன். வரிசையில் நின்ற அத்தனை டிரைவர்கள் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசினேன். "பெத்தவங்ககிட்டயே பொய் சொல்றவனுக்கு என் வீட்டுல இடமில்ல," என்றேன். அவன் சாப்பாட்டுப் பையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவன் துணிமணி இல்லை. அம்மாவுக்கு மட்டும் ஒரு மெசேஜ். "என்னைத் தேடாதீங்க. நானே கூப்பிடுறேன்."

அவன் கூப்பிடவில்லை. இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது.

அவள் அந்த மெசேஜைச் சட்டம் மாதிரி பிடித்துக்கொண்டாள். தேடக் கூடாது என்று சொல்லியிருக்கிறான், அதனால் போன் பண்ண மாட்டாள், மெசேஜ் போட மாட்டாள். ஆனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும் டப்பாவைப் போடுவாள். மகனுடைய படத்துக்குள் போவாள். அந்த வரிசையைப் பார்ப்பாள். எங்கேயோ இருந்துகொண்டு அவன் அதே கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று பாதியில் விட்ட படம் இன்றைக்கு முழுசாக முடிந்திருக்கும். "தம்பி ஒரு சிரிப்புப் படம் பாத்திருக்கான்," என்று வந்து சொல்வாள். அன்றைக்குக் குழம்பு நன்றாக இருக்கும். எதையும் தொட்டு ஓட்டிவிட மாட்டாள். பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே வந்துவிடுவாள்.

எட்டு மாதம் இப்படிப் போனது. அப்புறம் வரிசை நின்றுவிட்டது. ஒரு வாரம், ரெண்டு வாரம், மூன்று வாரம். அவன் வேறு கணக்குக்குப் போயிருப்பான் என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கு நான் அதைச் சொல்லவில்லை. அவள் சாப்பாடு பாதியானது. நல்ல சட்டைக்கெல்லாம் அம்பு ஒட்டி, மோசமானதை விட்டுவிட்டு, சூப்பர்வைசரம்மாவிடம் முதல் தடவையாகத் திட்டு வாங்கினாள். நான் ஆபீஸ் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டேன். எடுத்தான். "நான்தான்" என்றேன். வைத்துவிட்டான். உயிரோடு இருக்கிறான், அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டான் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் கூண்டில் உட்கார்ந்து, என் போனில் அவன் படத்தைத் தொட்டு உள்ளே போய், ஒரு சண்டைப் படத்தை ஓடவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, "ஏங்க, தம்பி பாத்திருக்காங்க!" என்று ஓடி வந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். அன்றைக்கு ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். பொய் சொன்னான் என்று பிள்ளையைத் துரத்திய ஆள் நான்.

ஒரு நாளைக்கு என்று ஆரம்பித்தது, ஐந்து வருஷம் ஓடியது. அது லேசான வேலை இல்லை. ஒரு தடவை கூண்டில் கண்ணசந்துவிட்டேன். ஏதோ ஒரு தொடர் தானாகவே பன்னிரண்டு பகுதி ஓடிவிட்டது. "பன்னெண்டுங்க! புள்ளை தூங்கவே இல்ல போல. மனசு சரியில்ல," என்று அவள் ரெண்டு நாள் புலம்பினாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அளவாகப் பார்த்து நல்ல பிள்ளையாக இருந்தேன். இன்னொரு தடவை போன் ரிப்பேருக்குப் போய் நாலு நாள் ஒன்றும் ஓடவில்லை. அந்த நாலு நாளும் அவள் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தாள். சட்டையில் அரை நூல் தொங்கினாலும் பிடித்துவிடுகிற கண் அவளுக்கு. நான் தைத்ததில் மட்டும் ஒரு குறையும் அந்தக் கண்ணில் படவில்லை. பட வேண்டாம் என்று அவள் மனசு நினைத்ததோ என்னவோ.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ரெண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் லாரி ஹாரன் அடித்தது என்று அவசரமாகப் போனைச் சட்டைப் பையில் போட்டேன். துணி உரசி எதையோ அமுக்கி, பச்சைக் குழந்தைகளுக்கான பாட்டு ஒரு மணி நேரம் ஓடியிருக்கிறது. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்ததால் எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்குப் போனால் அவள் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, நமக்குப் பேரப்புள்ளை பொறந்திருக்கு."

"என்னது?"

"தாலாட்டு, கிலுகிலுப்பைப் பாட்டு, பொம்மைப் பாட்டு... ஒரு மணி நேரம் போட்டிருக்கான். யாருக்காகப் போடுவான்? பொம்மைப் பாட்டாவே போட்டிருக்கான் பாருங்க, பொண்ணுதான். ஒரு வயசு இருக்கும்."

தப்பாக ஓடியிருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அரை மணி நேரம் குழந்தைப் பாட்டு போட வேண்டியதாயிற்று. குழந்தை என்றால் வளர வேண்டுமே. நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை பாட்டை மாற்றினேன். தாலாட்டு போய் மிருகங்கள் வந்தன. மிருகங்கள் போய் எண்கள், எழுத்துகள், பேசுகிற கார்ட்டூன். அவள் அந்தப் பக்கம் அதற்குத் தகுந்த மாதிரி குழந்தைக்குக் கவுன் தைத்தாள். வேலை செய்யும் இடத்தில் மிச்சத் துணியைக் கேட்டு வாங்கி வந்து, மிருகங்கள் வந்தபோது ஒரு அளவு, எண்கள் வந்தபோது அடுத்த அளவு. குழந்தைக்குக் குட்டி என்று பெயர் வைத்தாள். குட்டிக்கு ஒரு அலமாரித் தட்டு முழுக்கக் கவுன் சேர்ந்தது. செக்கிங் மேசையில் அத்தனை பேருக்கும் குட்டியைத் தெரியும். "அக்கா, குட்டி பேச ஆரம்பிச்சிட்டாளா?" என்று கேட்பார்களாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போகப் போக எனக்கும் அந்த ஐந்து மணி பிடித்துப்போனது. சீட்டு அடிக்கும் மெஷின்மேல் போனைச் சாய்த்து வைப்பேன். ஒரு சின்னப் பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்தால் எந்த உயரத்தில் பார்க்குமோ அந்த உயரத்தில். லாரி வந்து நின்றால், "அஞ்சு நிமிஷம் நில்லுய்யா, பாட்டு முடியட்டும்," என்பேன். வெடி மாதிரி வெடிக்கிற ஆள் யானைப் பாட்டுக்குத் தலையாட்டுவதைப் பார்த்து டிரைவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் போன மாதம் டப்பாவைப் போட்டதும் ஒரு அறிவிப்பு வந்தது. இந்தச் சாதனம் பழையதாகிவிட்டது, மாதக் கடைசிக்குப் பிறகு இதில் எதுவும் இயங்காது, புதியதற்கு மாறிக்கொள்ளவும். மற்ற வீடுகளில் இது அரை நாள் வேலை. கடைக்குப் போய் ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். எங்கள் வீட்டில் ஒன்பது நாள் போர் நடந்தது.

உண்மையைச் சொன்னால், அறிவிப்பைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. பழைய டப்பா ஏற்கெனவே கிழண்டு கிடந்தது. போட்டால் உயிர் வருவதற்குள் டீ கொதித்துவிடும். தொட்டால் சுடும். ரிமோட்டை மூன்று தடவை அமுக்கினால் ஒரு தடவை கேட்கும். "புதுசு வாங்கி, நம்ம பேருல புதுக் கணக்கே ஆரம்பிச்சிடலாம்," என்றேன். புதுக் கணக்கில் மகனின் படம் இருக்காது. வரிசை இருக்காது. என் வேஷமும் தானாகக் கலைந்துவிடும். யாரும் யாரையும் கையும் களவுமாகப் பிடிக்காமல் முடிந்துவிடும்.

"அவன் லிஸ்ட்டு?" என்றாள்.

"அது பழசோட போயிடும். என்ன பண்றது?"

"அப்ப வேண்டாம். இதையே வச்சுக்கலாம்."

"இது ஓடாதுன்னு எழுதியே காட்டுறான்டி!"

"ஓடற வரைக்கும் ஓடட்டும்."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் அவளே கடைக்குப் போனாள். அங்கே டப்பா விற்று, வீட்டுக்கு வந்து மாட்டியும் கொடுக்கிற ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும், பொறுமைசாலி. படம் துல்லியமாகத் தெரிவது, வாயால் சொன்னாலே தேடிக் கொடுப்பது, டிவிக்குப் பின்னால் செருகினால் தெரியாமலே இருப்பது என்று மூன்று நாலு வகைகளைக் காட்டியிருக்கிறாள். இவள் கேட்ட கேள்வி ஒன்றுதான். பழைய கணக்கு அப்படியே வருமா?

"வரும்மா. ஆனா புது டப்பான்னா கணக்கு யாரு பேருல இருக்கோ அவங்க போனுக்கு ஆறு நம்பர் போகும். அவங்க அந்த நம்பரைச் சொன்னாத்தான் உள்ள விடும்," என்றாளாம் அந்தப் பெண்.

அன்றைக்கு வீட்டுக்குள் வந்தவள் வேறு ஆள். "புதுசே வாங்கிடலாங்க," என்றாள்.

"ஏன், இதுதான் ஓடட்டும்னியே?"

"தம்பி போனுக்கு நம்பர் போகுமாம். அவன்தான் அனுப்பணுமாம். நான் அவனைத் தேடல, தொந்தரவு பண்ணல. டப்பாதானே கேக்குது? அதுக்கு அவன் பதில் சொல்லித்தானே ஆகணும்!"

இவள் அவனோடு பேச ஆரம்பித்தால் முதல் கேள்வியே குட்டியைப் பற்றித்தான் இருக்கும். இப்போது நான் தலைகீழாக மாறினேன். பழசே போதும் என்றேன். படம் துல்லியமாகத் தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஆறு வருஷமாச்சு. இன்னும் உங்க கோவம் தீரலையா? பெத்த புள்ளை ஒரு நம்பர் அனுப்பறதைக்கூடப் பொறுக்க முடியாதா உங்களால?"

அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டு நின்றேன். சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது, அதைத்தான் சொல்ல முடியாது. கூண்டில் உட்கார்ந்து நாலைந்து நாள் யோசித்தேன். அந்தப் பெண்ணிடம் ரகசியமாகப் பேசிப் புதுக் கணக்கே போட்டு, மூன்று படத்தையும் அதே மாதிரி வைத்துவிடலாமா என்றுகூடத் திட்டம் போட்டேன். ஆனால் அடிமனசில் எனக்கும் அந்த ஆறு நம்பர் வேண்டியிருந்தது. என் பிள்ளையிடமிருந்து ஏதாவது ஒன்று வந்தால் போதும் என்று இருந்தது. பொய் வெளியே வந்தாலும் வரட்டும், அவன் வரட்டும் என்று சரி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண் புது டப்பாவோடு வந்தாள். என் மனைவி வீட்டைப் பெருக்கித் துடைத்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். மகனுக்கு மெசேஜ் எழுத அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நீளமாக எழுதுவாள், அழிப்பாள். கடைசியில் இவ்வளவுதான் எழுதினாள். "தம்பி, டிவி டப்பா மாத்துறோம். உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை அனுப்பு. அம்மா."

"பத்து நிமிஷம் டைம்மா. அதுக்குள்ள வரணும்," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் பட்டனை அமுக்கினாள். மூன்று பேரும் அந்தச் சின்னப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலு நிமிஷம். ஐந்து. "வேலையா இருப்பான்," என்றாள். ஏழாவது நிமிஷம் போன் ஒரு தடவை அதிர்ந்தது. ஆறு எண்கள் வந்திருந்தன. அம்மா என்று ஒரு வார்த்தை இல்லை, எப்படி இருக்கீங்க என்று இல்லை. ஆனாலும் ஆறு வருஷத்துக்குப் பிறகு என் பிள்ளை விரலால் அடித்தது.

"பாத்தீங்களா, ஏழே நிமிஷத்துல அனுப்பிட்டான்!" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். புது டப்பா கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. குருவி, சிங்கம், விண்வெளிக்காரன் மூவரும் பளிச்சென்று வந்து நின்றார்கள். அந்தப் பெண் ரிமோட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். கதவு மூடியதுதான் தாமதம், இவள் போனை எடுத்தாள்.

"இருக்கட்டும், இன்னொரு நாள் பேசலாம்," என்றேன்.

"இன்னொரு நாள் டப்பா கேக்குமா?" என்றாள்.

அவள் கையைப் பிடித்து அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். கோழை. திரும்பி வந்தபோது மெசேஜ் போயிருந்தது. "குட்டி நல்லா இருக்காளா? அவளுக்குக் கவுன் நிறையத் தச்சு வச்சிருக்கேன். எங்க அனுப்பணும்னு மட்டும் சொல்லு."

உடனே பதில் வந்தது. "எந்தக் குட்டி?"

பின்னாலேயே இன்னொன்று. "எனக்குக் கல்யாணமே ஆகலை. யாரு சொன்னா?"

அவள் ரெண்டையும் வாய்விட்டுப் படித்தாள். திரும்பத் திரும்பப் படித்தாள். முகம் மெல்ல இறுகியது. நான் பயந்தது ஒன்று, நடந்தது வேறு.

"மறைக்கிறான். என்கிட்டயே மறைக்கிறான்ங்க! நேத்து சாயங்காலம்கூட அவளுக்குக் கார்ட்டூன் போட்டிருக்கான், நான் என் கண்ணால பாத்தேன். பெத்த புள்ளை இருக்கறதையே இல்லைங்கறானே, இவன் என்ன மனுசன்?"

அவள் எழுத ஆரம்பித்தாள். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். "பெத்தவகிட்டயே பொய் சொல்றவன் எனக்கு இனிமே" என்பது வரைக்கும் எழுதியிருந்தாள். என் வார்த்தை. எடைமேடையில் நான் சொன்ன அதே வார்த்தை. போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அனுப்பாத. அவன் பொய் சொல்லல. நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"அவன் பேருல பாக்கறது நான்தான். அஞ்சு வருஷமா. என் போன்ல."

அவளுக்குக் கோபம் வரும், அடிப்பாள், கத்துவாள் என்று நின்றேன். அவள் ரிமோட்டை எடுத்தாள். மகனின் படத்துக்குள் போனாள். வரிசையின் முதல் படத்தில் நிறுத்தினாள்.

"இது?"

"நான்."

அடுத்தது. "இது?"

"நான்."

செக்கிங் மேசையில் நிற்கிற மாதிரியே நின்றாள். ஒன்றையும் விடவில்லை. சண்டைப் படம், சிரிப்புப் படம், பன்னிரண்டு பகுதி ஓடிய தொடர், யானைப் பாட்டு, எழுத்துப் பாட்டு. "இது?" "நான்." "இது?" "நான்." முக்கால் மணி நேரம் வரிசையின் அடிவரைக்கும் போனாள். கடைசியில், ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு படத்தில் வந்து நின்றாள். பாதியில் விட்டிருந்தது.

"இது நான் இல்ல. இது அவன்," என்றேன்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ரிமோட்டைக் கீழே வைத்தாள். மகனுக்கு எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுதினாள். "ஒண்ணுமில்ல தம்பி. வேற ஒருத்தருக்கு அனுப்ப வேண்டியது உனக்கு வந்திடுச்சு. சாப்பிட்டியா?" அதற்குப் பதிலாகக் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று வந்தது. சாப்பிட்டேன் என்று அர்த்தமா, சரி விடு என்று அர்த்தமா, இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

"அப்ப குட்டி?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மகன் போனபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. அவன் எங்கேயோ இருக்கிறான் என்று மனசைத் தேற்ற வழி இருந்தது. இதற்கு என்ன சொல்லித் தேற்றுவது? பிறக்கவே இல்லை, அழாதே என்றா சொல்வது? பக்கத்தில் போனேன். "தொடாதீங்க," என்றாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. காலையில் சூப்பர்வைசரம்மாவுக்கு அவள் போன் பண்ணுவது சமையலறைவரை கேட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் இவள் லீவு எடுத்த நாட்களை விரலில் எண்ணிவிடலாம், அதனால் அந்தம்மா பதறிப்போய்க் காரணம் கேட்டிருக்க வேண்டும். "பேத்தி தவறிட்டா," என்றாள். வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள். நானும் வேலைக்குப் போகவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் அவர்கள் வந்தார்கள். செக்கிங் மேசைக்காரர்கள், அயர்ன் போடுகிறவர்கள், சூப்பர்வைசரம்மா, எல்லாமாகப் பதினோரு பேர். வாசலில் செருப்புகள் குவிந்தன. எங்கள் சின்ன வரவேற்பறையில் இடம் போதாமல் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஒருத்தி இவளைக் கட்டிக்கொண்டு, "அக்கா, அக்கா," என்று அழுதாள். "எத்தனை கவுன் தச்சீங்க, ஒண்ணையாவது போட்டுப் பாத்தாளா?" என்று இன்னொருத்தி கேட்டாள். இவள் இல்லை என்று தலையாட்டினாள். நான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஓடிவிடலாம் என்று பார்த்தால், கதவுவரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னம்மா ஆச்சு திடீர்னு? கடைசியா எப்ப பாத்தீங்க?" என்று சூப்பர்வைசரம்மா இவளிடம் கேட்டார்.

நேற்றிலிருந்து என் பக்கமே திரும்பாதவள் அப்போது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அவரைக் கேளுங்க," என்றாள். "கடைசி வரைக்கும் அவர்தான் கூட இருந்தாரு."

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். எனக்குக் கூண்டும், ஐந்து மணி வெயிலும், மெஷின்மேல் சாய்த்து வைத்த போனும்தான் தெரிந்தன.

"சனிக்கிழமை சாயங்காலம்கூட நல்லாத்தான் பாட்டுப் பாத்துக்கிட்டு இருந்தா," என்றேன்.

உடம்பெல்லாம் குலுங்க அழுதேன். சூப்பர்வைசரம்மா எழுந்து வந்து என் தோளைத் தட்டி, "தைரியமா இருங்கண்ணே, நீங்கதான் அக்காவைப் பாத்துக்கணும்," என்றார். நான் நடிக்கிறேனா இல்லையா என்று என் மனைவி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.